மருமகன் காரும் மறைத்த கணக்கும்



பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு பழைய கார் விற்ற விஷயத்தில் எனக்கும் என் தங்கைக்கும் மனத்தாங்கல் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "நாப்பதாயிரத்தை அண்ணன் வாய் தின்னுட்டு" என்று தங்கை சொன்னது என் காதுக்கும் வந்தது. "வாத்தியாருக்குக் காரைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். ஆசிரியர் பயிற்சி முடித்து, எட்டாம் வகுப்பு வரை அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். மெக்கானிக் இல்லை. ஆனாலும் இரண்டு வருஷம் அந்தக் காரின் ஏற்ற இறக்கத்தைப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்தவன். கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். தப்பு இருந்தால் இன்ஜினியரிங் படித்த நீங்கள் திருத்துங்கள்.

தங்கை மகனுக்கு எலுமிச்சை வியாபாரம். புளியங்குடியில் சரக்கு எடுத்துக் கேரளாவுக்கு அனுப்புகிறான். வாரம் இரண்டு தடவையாவது செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம் போய்த் திரும்ப வேண்டும். அதற்காகப் பழைய ஸ்விஃப்ட் டீசல் கார் ஒன்று வாங்கினான்.

அதில் இருந்தது ஃபியட் கம்பெனி வடிவமைத்த 1.3 லிட்டர் மல்டிஜெட் இன்ஜின். மாருதி, டாடா, ஃபியட் என்று பல கம்பெனிக் கார்களில் ஓடியதால் "இந்தியாவின் தேசிய இன்ஜின்" என்று கார் பத்திரிகைகள் அதற்குப் பட்டம் கட்டியிருந்தன. ஸ்விஃப்டில் அதன் சக்தி 75 குதிரைத்திறன், டார்க் என்கிற முறுக்குவிசை 190 நியூட்டன் மீட்டர். நல்ல இன்ஜின்தான். ஆனால் வட்டம் குறைவாகச் சுற்றும்போது, டர்போ எழும்பும் வரைக்கும் கொஞ்சம் சோம்பும். மலையேற்றத்தில் லாரிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் ஊர்ந்துவிட்டுத் திடீரென்று மிதித்தால் ஒரு மூச்சு வாங்கிவிட்டுத்தான் கிளம்பும். மருமகனுக்கு அது பொறுக்கவில்லை.

டர்போ என்றால் என்ன என்று என் வகுப்பில் கேட்டிருந்தால் சைக்கிள் பம்பைத்தான் காட்டியிருப்பேன். இன்ஜின் எரிபொருளை எரிக்கக் காற்று வேண்டும். சாதாரண இன்ஜின் தானாக உறிஞ்சுகிற காற்றோடு திருப்திப்படும். டர்போ இன்ஜினில், வெளியே போகும் புகையின் வேகத்திலேயே ஒரு சின்னச் சக்கரம் சுழலும். அதே அச்சில் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளும். வீணாய்ப் போகிற புகையை வேலைக்கு வைத்துக்கொள்ளும் யோசனை. ஆல்ஃபிரட் பூஷி என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளர் இதற்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். கார் டர்போவின் அந்தச் சக்கரம் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுழலக்கூடியது. தாங்கிப் பிடிப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான். பம்பு அடித்தால் கை சுடும் இல்லையா? அதேபோல அமுக்கிய காற்றும் சூடாகும். சூடான காற்று லேசானது என்பதால் அதைக் குளிரவைத்து உள்ளே விட இன்டர்கூலர் என்று இன்னொரு பாகம்.

இது எல்லாவற்றையும் மேய்ப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். எத்தனை அழுத்தத்தில் காற்று, எத்தனை சொட்டு டீசல், எந்த நொடியில் என்று அதற்குள் அட்டவணைகள் இருக்கின்றன, நம் வாய்ப்பாடு மாதிரி. லேப்டாப்பை மாட்டி அந்த வாய்ப்பாட்டை மாற்றி எழுதுவதுதான் ரீமேப். சக்தி நூற்றுக்கு இருபது, இருபத்தைந்து பங்கு கூடும் என்பார்கள். மருமகன் ஒரு பெரிய ஊரில் இருபத்தைந்தாயிரம் ரூபாய் கொடுத்துச் செய்துகொண்டு வந்தான். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. "சர்வீஸ் விட்டேன்" என்றான். எனக்கு மட்டும் ஒரு நாள் கடையநல்லூர் தாண்டும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "மாமா, இப்ப மிதிக்கேன் பாருங்க."

உண்மையைச் சொல்ல வேண்டும். எனக்கும் பிடித்திருந்தது. முதுகை யாரோ பிடித்துத் தள்ளுவது மாதிரி இருந்தது. முந்துவதற்கு முன்பு பத்து எண்ணுகிற நேரம் ஆனது, இப்போது ஆறு எண்ணுவதற்குள் முடிந்தது. ஒற்றை வழிச் சாலையில் எதிர்ப்பக்கம் நிற்கிற நேரம் குறைவது பாதுகாப்புதான் என்று அவன் சொன்னதை நான் மறுக்கவில்லை. மெதுவாக ஓட்டினால் மைலேஜும் கொஞ்சம் கூடியது. அவன் வெறும் ஆட்டம் போடுகிற பையன் இல்லை. இன்ஜின் எண்ணெயைச் சொன்ன கிலோமீட்டருக்கு முன்பே மாற்றினான். மலையேறி நிறுத்தியதும் ஒரு நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டுத்தான் அணைப்பான். சூட்டோடு அணைத்தால் டர்போவுக்குள் தேங்கிய எண்ணெய் கருகிவிடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். பள்ளிக்கூடத்தில் நாற்பது மார்க் தாண்டாத பையன் வெப்பம், அழுத்தம், எரிதல் என்று விளக்கியபோது, நான் நடத்திய பாடத்தைவிட இந்தக் கார் நன்றாக நடத்தியிருக்கிறதே என்று நினைத்தேன். இந்த ஈடுபாட்டைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

எட்டாவது மாதம் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. 190 நியூட்டன் மீட்டருக்குச் செய்த கிளட்ச், கூடுதல் இழுப்பைத் தாங்கவில்லை. தட்டை மாற்றினான். அதையும் வீட்டில் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் மார்கழி. சபரிமலை சீசன், சாலை நிறைய வண்டி. தங்கை, அவள் மருமகள், பேத்தி மூவரும் பின் சீட்டில். நான் முன்னால். புளியரை எஸ் வளைவு ஏறி, ஆரியங்காவுக்கு முன்னால் ஒரு சின்ன நேர்ச்சாலையில் லாரியை முந்த வலது பக்கம் எடுத்தான். பாதி லாரி தாண்டியிருப்போம். 'டப்' என்று ஒரு சத்தம், பின்னால் கரும்புகை. வண்டிக்கு உயிர் போனது மாதிரி ஆகிவிட்டது. மிதிக்கிறான், போகவில்லை. எதிரே ஒரு பஸ் இறங்கி வருகிறது. லாரிக்காரர் புண்ணியவான். நிலைமை புரிந்து பிரேக் போட்டு வழி விட்டார். நாங்கள் உள்ளே ஒதுங்கினோம். பஸ் கடந்தபோது பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் கழன்றிருந்தது. வெறும் குழாயும் ஒரு கிளிப்பும். கம்பெனி வைத்த அழுத்தத்தில் அந்தப் பழைய ரப்பர் இன்னும் பல நாள் ஓடியிருக்கலாம். கூட்டி வைத்த அழுத்தத்தில் அன்றைக்குத்தான் அதற்கு நாள் குறித்திருந்தது. காற்று வெளியே போக, டீசல் மட்டும் கூடுதலாகக் கொட்ட, எரியாத கரி புகையாக வந்தது. அன்றைக்கு மெக்கானிக் வந்து கேட்டபோதுதான் ரீமேப் கதை தங்கைக்குத் தெரிந்தது.

"கம்பெனிக்காரன் வேணும்னே சக்தியைக் குறைச்சு வச்சு விக்கான் மாமா" என்பது மருமகன் வாதம். அவன் ஆதாரமும் காட்டினான்: இதே இன்ஜின் எர்டிகாவில் 90 குதிரைத்திறன் கொடுத்ததே! கொடுத்தது உண்மைதான். ஆனால் எர்டிகாவில் இருந்தது வேறு வகை டர்போ. இறக்கைகளின் கோணத்தை ஓட்டத்துக்குத் தக்கபடி மாற்றிக்கொள்வது. வாய்ப்பாட்டை மட்டும் மாற்றி அவர்கள் 90 எடுக்கவில்லை, பாகத்தையும் மாற்றினார்கள்.

சரி, குறைத்து வைப்பது எதற்கு? நம் வீட்டில் அம்மா அரிசிப் பானையில் கடைசி இரண்டு படியை எடுக்காமல் வைப்பது எதற்கோ அதற்குத்தான். ஒரே கார் லடாக்கிலும் ஓட வேண்டும். அங்கே காற்று லேசு, டர்போ கூடுதலாகச் சுழன்றால்தான் அதே அழுத்தம் கிடைக்கும். ராஜஸ்தான் வெயிலிலும் ஓட வேண்டும். மட்டமான டீசல் ஊற்றினாலும், எண்ணெய் மாற்ற மறந்தாலும், ஆறு பேரை ஏற்றினாலும் ஓட வேண்டும். அந்தக் கெட்ட நாட்களுக்கான சேமிப்புதான் அந்த இடைவெளி. ரீமேப் செய்தவர் புதிய சக்தியை எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. அந்தச் சேமிப்பிலிருந்து எடுத்துச் செலவழிக்கிறார். செலவழிக்கலாம், தப்பில்லை. எவ்வளவு எடுத்தோம், மீதி எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். அந்தக் காரில் உட்காருகிறவர்களுக்கும் தெரிய வேண்டும். என் தங்கை தன் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது செலவழிந்துபோன சேமிப்பின் மேல். அது அவளுக்குத் தெரியாது.

பெங்களூரிலும் சென்னையிலும் டர்போ பெட்ரோல் கார் வைத்திருக்கும் என் மாணவர்களுக்கும் இதே கதைதான். பங்கில் எங்கும் கிடைப்பது சாதாரணப் பெட்ரோல்தான். அதைவிட உயர்ந்த பெட்ரோலுக்கென்று எழுதிய வாய்ப்பாட்டை ஏற்றிக்கொண்டு, ஊருக்கு வரும் வழியில் கிடைத்ததை ஊற்றினால், பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனைத் தட்டும். கம்ப்யூட்டர் ஓரளவு காப்பாற்றும். அதையும் மீறினால் பிஸ்டன் போகும்.

இன்னும் மலிவாக ஒரு வேலை இருக்கிறது. டியூனிங் பாக்ஸ் என்று ஒரு டப்பா. டீசல் குழாயின் அழுத்தத்தை அளக்கும் சென்சாருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் அதை மாட்டுவார்கள். அழுத்தம் உண்மையில் இருப்பதைவிடக் குறைவு என்று அது கம்ப்யூட்டரிடம் பொய் சொல்லும். கம்ப்யூட்டர் நம்பி அழுத்தத்தைக் கூட்டும். மார்க் ஷீட்டைத் திருத்தி அப்பாவிடம் காட்டும் பிள்ளை மாதிரி. முப்பது வருஷம் அந்தத் திருத்தங்களைப் பிடித்தவன் என்பதால் எனக்கு இந்த டப்பாவைக் கண்டாலே ஆகாது.

இந்தக் கலைக்கு எதிரி சக்தியின் ஆசை அல்ல, மறைப்பதுதான் என்று நான் சொல்ல வருவது இதனால்தான். மனைவியிடம் மறைப்பு, இன்சூரன்ஸ்காரரிடம் மறைப்பு, ஆர்டிஓவிடம் மறைப்பு, கடைசியில் காரின் கம்ப்யூட்டரிடமே மறைப்பு.

பெரிய கம்பெனிகள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். 2015-இல் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டது. சோதனைக் கூடத்தில் ஓடும்போது மட்டும் புகையைக் கட்டுப்படுத்தி, சாலையில் கைவிடும் மென்பொருளைத் தன் டீசல் கார்களில் ஒளித்து வைத்திருந்தது. உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் கார்கள். இந்தியாவில் மட்டும் மூன்று லட்சத்துக்கு மேல் கார்களைத் திருப்பி அழைத்துச் சரிசெய்வதாக அறிவிக்க வேண்டி வந்தது. அங்கேயும் இன்ஜினில் குற்றமில்லை, மறைத்ததில்தான் குற்றம்.

மறைக்காமல் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு வெளியே தேட வேண்டாம், நம் கோயம்புத்தூரே போதும். கரிவர்தன் என்று ஒருவர். மாருதி 800-இன் சின்ன இன்ஜினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைச் செய்தவர். 1995-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 2005-இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூர்க்காரர்தான். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் பந்தயப் பாதை இருக்கிறது. அங்கெல்லாம் பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு காரையும் பிரித்துப் பார்க்கிற அளவுக்குச் சோதிக்கிறார்கள். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர் ஹெல்மெட் போட்டிருக்கிறார். எதிரே பஸ் வராது. அங்கே குழாய் கழன்றால் போட்டி போகும், உயிர் பிழைத்துக்கொள்ளும்.

ரெனோ கம்பெனி 1977-இல் ஃபார்முலா 1 பந்தயத்துக்கு முதல் டர்போ காரைக் கொண்டுவந்தது. புகைவிட்டு நின்றுபோவதே வழக்கமானதால் அந்த மஞ்சள் காரை 'மஞ்சள் டீ கெட்டில்' என்று கேலி செய்தார்கள். ஊரே பார்க்க உடைந்தது, ஊரே பார்க்கத் திருத்தினார்கள். 1979-இல் பிரெஞ்சு பந்தயத்தில் அதே டர்போ ஜெயித்தது. எல்லோர் கண் முன்னாலும் தோற்றதால்தான் சீக்கிரம் கற்றார்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து விலகும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருஷம் வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்றைய நிலையில் சாலையில் ஓட்டும் காருக்கு இந்த வேலை செய்யாதீர்கள் என்பதுதான் உங்களுக்கு என் முதல் சொல். இன்சூரன்ஸ் எடுக்கும்போது மாற்றத்தைச் சொல்லாமல் விட்டால், நாளைக்கு இழப்பீடு மறுக்க அவர்களுக்கு நீங்களே காரணம் எழுதிக்கொடுத்ததாக ஆகும்.

ஆனால் சட்டத்திடமும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எரிவாயு கிட் போட வேண்டுமா? அங்கீகரித்த கிட், அங்கீகரித்த பட்டறை, ஆர்சி புத்தகத்தில் பதிவு என்று வழி இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்காகக் காரை மாற்றவும் வழி இருக்கிறது. ரீமேப்புக்கு அப்படி ஒரு வழி இல்லை. ஜெர்மனியில் மாற்றிய காரைச் சோதித்து, சரியாக இருந்தால் வண்டியின் தாளிலேயே எழுதிக்கொடுக்கிறார்கள். இங்கேயும் ஒரு கூடத்தில் புகையை அளந்து, பிரேக்கைப் பார்த்து, குழாயையும் கிளட்சையும் சேர்த்து மாற்றியிருக்கிறதா என்று பார்த்து, ஆர்சியில் ஒரு வரி எழுதினால் என்ன? சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கென்றே மத்திய அரசின் பெரிய ஆராய்ச்சி மையம் இருக்கிறது.

"அனுமதி கொடுத்தால் பையன்கள் ரோட்டில் ரேஸ் விடுவார்கள் சார்" என்று காவல்துறையில் இருக்கும் என் மாணவர் ஒருவர் சொன்னார். இப்போது விடவில்லையா தம்பி? சைலன்சரைக் கழற்றிவிட்டுக் குற்றாலம் சீசனில் காது கிழிய ஓட்டுகிறவன் எந்த அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. கதவை மூடி வைத்ததால் யாரும் நிற்கவில்லை, பின்வாசல் வழியாகப் போகிறார்கள். பின்வாசலில் நல்ல டியூனரும் இருக்கிறார், இணையத்தில் இறக்கிய ஏதோ ஒரு ஃபைலை ஏற்றி அனுப்புகிறவரும் இருக்கிறார். யார் எவர் என்று நம் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

கடைசியாக, அந்த நாற்பதாயிரம்.

ஆரியங்காவுக்குப் பிறகு மருமகன் பழைய ஃபைலையே திரும்ப ஏற்றிவிட்டான். காரை விற்க முடிவு செய்தான். வாங்க வந்தவன் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். ஆட்டோ ஓட்டிச் சேர்த்த பணத்தில் முதல் கார். "சார் வீட்டு வண்டின்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றான். தங்கை என்னைப் பார்த்தாள். மருமகன் தரையைப் பார்த்தான். பழைய ஃபைல் ஏற்றியாயிற்று, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இரண்டு வருஷம் கூடுதல் சூட்டில் ஓடிய டர்போவையும் இன்ஜினையும் எந்த ஃபைலும் பழையபடி ஆக்காது.

நான் சொல்லிவிட்டேன். ரீமேப், கிளட்ச், கழன்ற குழாய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து பார்த்தான். நாற்பதாயிரம் குறைத்துக் கேட்டான். அந்த விலைக்கே போனது. பழைய குழாய்களை முதல் வேலையாக மாற்றச் சொன்னேன். மாற்றிவிட்டானாம்.

தங்கை இன்னும் சரியாகப் பேசவில்லை. மருமகன் மட்டும் நேற்று வந்தான். கோயம்புத்தூரில் பந்தயப் பாதையில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஒரு நாள் விடுவார்களாமே, போகலாமா என்று கேட்டான். "உன் அம்மாகிட்டயும் பொண்டாட்டிகிட்டயும் சொல்லிட்டு வா, நானும் வாரேன்" என்றேன். தலையை ஆட்டினான். சொல்வானா என்று பார்ப்போம்.

டர்போ கார் வைத்திருக்கும் மாணவர்கள் கீழே உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். ரீமேப் செய்திருந்தால் இங்கே எழுதுவதற்கு முன்னால் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
ராயகிரி.